ஒன்பது மாதம் என்றால் 36 வாரமா?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். இது எனக்கு இரண்டாவது குழந்தை. மூத்தவளுக்கு நான்கு வயது, அவள் ஆபரேஷனில் பிறந்தவள். கடைசியாக எனக்கு மாதவிலக்கு வந்தது 2025 ஜனவரி 29, தை அமாவாசை அன்று. ராமேஸ்வரம் போகக் கிளம்பி நின்ற நேரத்தில் வந்ததால் தேதி மறக்கவில்லை. ஆகஸ்ட் 20-ஆம் தேதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா 29 வாரம் என்று எழுதினார். "ஏழாம் மாசம் இன்னும் முடியவே இல்லையே, ஏழு நாலு இருபத்தெட்டுதானே?" என்று கேட்டேன். அன்று கூட்டம் அதிகம், அவரால் விளக்க முடியவில்லை. என் மாமியார் கணக்கிலோ எனக்கு ஆறாம் மாதம்தான். ஏப்ரல் 2-இல் எடுத்த முதல் ஸ்கேனில் ஒரு நாள்தான் வித்தியாசம். ஜூன் 11-இல் எடுத்த ஸ்கேனில் மூன்று நாள் குறைவாகப் போட்டிருக்கிறது. பிள்ளை வளர்த்தியில் குறைவோ என்று பயமாக இருக்கிறது.

இந்த முறையும் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்பது மாதம் முடிந்ததும் நல்ல நாள் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேச்சு. ஒன்பது மாதம் என்றால் 36 வாரம் என்று கணக்குப் போட்டு, நாத்தனார் ஜோசியரிடம் அக்டோபர் 8-ஐக் குறித்து வாங்கி வந்துவிட்டார். டாக்டர் 39 வாரம் என்கிறார். யார் சொல்வது சரி? 40 வாரம் என்றால் பத்து மாதம் ஆகிவிடுமே? நான் கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். 26 வாரப் பிரசவ விடுப்பு என்பது ஆறு மாதமா, ஆறரை மாதமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 8 வேண்டாம். அன்றைக்கு உங்களுக்கு 36 வாரம் முடிந்திருக்கும், உண்மைதான். ஆனால் ஒன்பது மாதம் முடிந்திருக்காது. ஒன்பது மாதம் முடிவது அக்டோபர் 29. அன்றைக்குத்தான் உங்கள் டாக்டர் சொன்ன 39 வாரமும் முடிகிறது. வீட்டார் விரும்புவதும் டாக்டர் சொல்வதும் ஒரே நாள்தான். நடுவில் நாலால் பெருக்கியதில்தான் மூன்று வாரம் காணாமல் போயிருக்கிறது.

ஒரு காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். ஜனவரி 29 முதல் அக்டோபர் 29 வரை 273 நாள். ஏழால் வகுத்தால் மீதியில்லாமல் 39 வரும். உங்களுக்கு மட்டுமல்ல, எந்த மாதத்தில் தொடங்கினாலும் ஒன்பது மாதம் என்பது 273 முதல் 276 நாளுக்குள்தான் விழும். 36 வாரம் என்பது 252 நாள். இரண்டும் எந்த வருடத்திலும் ஒன்றாகாது.

நாலு வாரம் ஒரு மாதம் என்று நாம் வாயால் சொல்லிப் பழகிவிட்டோம். சம்பளம், வாடகை, பால் கணக்குக்கெல்லாம் அது போதும். ஆனால் நாலு வாரம் என்பது 28 நாள், சாதாரண வருடத்துப் பிப்ரவரிக்கு மட்டும்தான் அது பொருந்தும். மற்ற மாதங்களில் இரண்டு, மூன்று நாள் மிஞ்சும். ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த மிச்சம், ஒன்பது மாதத்தில் சேர்ந்து மூன்று வாரமாக நிற்கிறது. உங்கள் ஊரில் மகளிர் குழு மூலம் வாரத் தவணையில் கடன் வாங்கியவர்களைக் கேளுங்கள். ஒரு வருடக் கடனுக்கு 48 தவணை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 52 தவணை கட்டியிருப்பார்கள்.

மனக்கணக்காகப் போட வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. முடிந்த மாதத்தை நாலால் பெருக்குங்கள். பிறகு ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஒரு வாரம் கூட்டுங்கள். மூன்று மாதத்துக்கு 13, ஆறு மாதத்துக்கு 26, ஒன்பது மாதத்துக்கு 39, வருடத்துக்கு 52. ஓரிரு நாள் முன்பின் இருக்கலாம், வாரக் கணக்கில் தவறு வராது. இதையே உங்கள் ஆகஸ்ட் 20-க்குப் போட்டுப் பாருங்கள். ஜூலை 29-இல் ஆறு மாதம் முடிந்தது, 26 வாரம். அதற்கு மேல் 22 நாள், அதாவது மூன்று வாரமும் ஒரு நாளும். மொத்தம் 29. நாள் நாளாக எண்ணினாலும் ஜனவரி 29-இலிருந்து ஆகஸ்ட் 20 வரை 203 நாள், சரியாக 29 வாரம். நர்ஸம்மா எழுதியது சரி.

இன்னொரு இடத்திலும் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். "ஏழாம் மாசம்" என்று வீட்டில் சொல்வது நடக்கிற மாதம். ஆறு முடிந்து ஏழு ஓடுகிறது என்று அர்த்தம். "29 வாரம்" என்று நாங்கள் எழுதுவது முடிந்த வாரம். போனில் இருக்கும் சில ஆப்கள் நடக்கிற வாரத்தைக் காட்டி 30-வது வாரம் என்று சொல்லும். அதுவும் பொய்யில்லை, எண்ணும் விதம் வேறு. அட்டையில் '29 வாரம் 0 நாள்' என்று நாளையும் சேர்த்து எழுதித் தரச் சொன்னால் இந்தக் குழப்பம் இருக்காது.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜனவரி 29 புதன்கிழமை. ஆகவே ஒவ்வொரு புதன்கிழமையும் உங்களுக்கு ஒரு வாரம் கூடும். ராமேஸ்வரம், மண்டபம் கரையில் விசைப்படகு தொழிலுக்குப் போகும் நாட்களில் புதனும் ஒன்று, சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாளும் அதுதான். மறக்க வழியில்லை. காலண்டரில் ஆகஸ்ட் 20-இன் கட்டத்தில் 29 என்று பேனாவால் எழுதி, கீழே வரும் ஒவ்வொரு புதனுக்கும் 30, 31 என்று நவம்பர் 5 வரைக்கும் எழுதிவிடுங்கள். நவம்பர் 5-இல் 40 வரும். அதுதான் உங்கள் பிரசவத் தேதி.

மாமியாரிடம் இதைச் சொல்லும்போது அவர் கணக்குத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். அவர் எண்ணுவது நாள் தள்ளிப்போனதிலிருந்து. உங்களுக்கு அடுத்த விலக்கு பிப்ரவரி 26 வாக்கில் வந்திருக்க வேண்டும். அது வராமல் நின்ற நாளிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 20-இல் ஐந்து மாதம் முடிந்து ஆறாவது ஓடிக்கொண்டிருக்கிறது. முழுகாமல் இருப்பது தெரிந்த நாளைத் தொடக்கமாக வைப்பது அவர் காலத்துப் பழக்கம். அந்தக் காலத்தில் அதற்கு முந்தைய தேதியை யாரும் குறித்து வைத்ததில்லை. நாங்கள் அதற்கு நாலு வாரம் முன்னால், கடைசி விலக்கின் முதல் நாளில் தொடங்குகிறோம். அந்த முதல் இரண்டு வாரத்தில் கருவே உண்டாகியிருக்காது, அதையும் ஏன் சேர்க்க வேண்டும் என்று நியாயமாகவே கேட்பார்கள். கரு உண்டான நாள் இதுதான் என்று பெரும்பாலோரால் சொல்ல முடியாது. விலக்கு வந்த நாளைச் சொல்ல முடியும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாளிலிருந்து தொடங்கினால்தான் ராமநாதபுரத்து டாக்டரும் மதுரை டாக்டரும் ஒரே கணக்கைப் பார்க்க முடியும்.

தேதியைக் கேட்டு வாங்குவதே இந்தக் கரையில் ஒரு தனி வேலை. "ஜனவரி கடைசிங்க" என்பார்கள், "சரியாத் தெரியல" என்பார்கள். விசேஷத்தை வைத்துக் கேட்டால் உடனே வரும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகு ஏறுவதற்கு இரண்டு நாள் முந்தி என்பார் தங்கச்சிமடத்துப் பெண். ஏர்வாடி சந்தனக்கூடு முடிந்த மறுநாள் என்பார் இன்னொருவர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் நாள் படகு கடலுக்குப் போன அன்றைக்கு என்று கணவரின் தொழிலை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. தடைக்காலம் முடிவது ஜூன் 14, அடுத்த நாள் என்ன என்று பார்த்தால் தேதி கையில் வந்துவிடும். நீங்கள் தை அமாவாசையை வைத்துச் சொன்னது மாதிரித்தான். நாள் நிச்சயமாகத் தெரிந்த தாய்க்குச் சிகிச்சை செய்வது எங்களுக்குப் பாதி பாரம் குறைந்த மாதிரி. அந்த ஒரு தேதியை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் சொல்லுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பிறைக் கணக்கில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பிறை மாதம் 29 அல்லது 30 நாள். ஒன்பது பிறை மாதம் 266 நாள், அதாவது 38 வாரம். கரு உண்டான நாளிலிருந்து பிரசவம் வரைக்கும் சராசரியாக ஆவதும் அதே 266 நாள்தான். தமிழ் மாதமோ 29 நாளும் உண்டு, 32 நாளும் உண்டு, அதனால் ஆனியில் எண்ணுவதும் மார்கழியில் எண்ணுவதும் ஒன்றாகாது. அமாவாசை, பௌர்ணமியை வைத்து நீரோட்டம் பார்க்கிற வீட்டில் இருக்கிறீர்கள், ஆகவே இதையும் கவனியுங்கள். 40 வாரம் என்பது 280 நாள். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். 280 நாளில் ஒன்பதரைச் சுற்று. அமாவாசையில் தொடங்கிய கணக்கு பௌர்ணமியில் போய் நிற்க வேண்டும். உங்கள் தேதி நவம்பர் 5 ஐப்பசிப் பௌர்ணமி. மாமியாருக்கு வாரக் கணக்கு பிடிபடவில்லை என்றால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: தை அமாவாசையில் கடைசியாக விலக்கு வந்தது, ஐப்பசிப் பௌர்ணமிக்குப் பிரசவம்.

பத்து மாதம் என்று நம் பெரியவர்கள் சொல்வதிலும் பிழையில்லை. ஒன்பது மாதம் முடிந்து ஏழு நாள் என்பதுதான் 40 வாரம். அக்டோபர் 29-இல் ஒன்பது முடிந்து, பத்தாவது மாதத்தின் முதல் வாரத்தில் பிறக்கிறது. நடக்கிற மாதத்தைச் சொல்கிற வழக்கப்படி அது பத்தாம் மாதம்தான்.

இனி, மூன்று வாரம் முன்னே போனால் என்ன குடிமுழுகிப் போகும் என்ற கேள்வி. உங்கள் நாத்தனார் மனதில் அதுதான் இருக்கும், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

36 வாரத்தில் குழந்தை சுமார் இரண்டரை கிலோ இருக்கும். பார்க்க முழுக் குழந்தை மாதிரியே இருக்கும். எடையைப் பார்த்து எல்லாம் தயார் என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே வேலை முடிந்திருக்காது. வயிற்றில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, நீர்தான் நிரம்பியிருக்கும். மாதம் நிறைந்து தானாக வலி வரும்போது சுரக்கும் சில ஹார்மோன்கள் அந்த நீர் ஊறுவதை நிறுத்தி, இருப்பதை உறிஞ்ச வைக்கின்றன. வலி வருவதற்கு முன்பே, அதிலும் வாரம் நிறையாமல், ஆபரேஷன் செய்து எடுத்தால் அந்த நீர் அப்படியே தங்கிவிடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை மூக்குத் துவாரம் விரிய, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுக்க, முனகிக்கொண்டே மூச்சு வாங்கும். பெற்றவள் ஒரு வார்டில், பிள்ளை ஆக்சிஜனோடு வேறு வார்டில். பலருக்கு இரண்டு, மூன்று நாளில் சரியாகிவிடும். சில குழந்தைகளுக்கு மூச்சுக்கு இயந்திரம் வைக்க வேண்டிவரும்.

மூச்சு நன்றாக இருந்தாலும், 36 வாரக் குழந்தை பால் குடிக்கத் தெம்பில்லாமல் நாலு வாய் சப்பிவிட்டுத் தூங்கிவிடும். அதனால் சர்க்கரை இறங்கும், உடல் சூடு தங்காது, மஞ்சள் காமாலை கூடுதலாக வரும். மூளையும் அப்படித்தான். 35 வார வாக்கில் மூளையின் எடை, மாதம் நிறைந்த குழந்தையின் மூளையில் மூன்றில் இரண்டு பங்குதான். மீதி ஒரு பங்கு வளர்வது கடைசி நாலைந்து வாரத்தில். 37 வாரம் முடியாமல் பிறந்தால் அதைக் குறைமாதப் பிரசவம் என்றே எழுதுவோம். அக்டோபர் 8-இல் பிறந்தால் உங்கள் பிள்ளையின் கேஸ் ஷீட்டில் அந்த வார்த்தைதான் இருக்கும், வீட்டில் எல்லோரும் ஒன்பது மாதம் முடிந்தது என்று நம்பிக்கொண்டிருக்கும்போது.

முன்பு ஆபரேஷன் ஆன, வேறு சிக்கல் இல்லாத தாய்க்கு 39 வாரம் முடியட்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். ரத்த அழுத்தம் ஏறினால், சர்க்கரை கட்டுக்குள் வராவிட்டால், நச்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மறைத்திருந்தால், பிள்ளையின் வளர்ச்சி நின்றால் நாங்களே முந்தி எடுப்போம். அப்போது காத்திருப்பதுதான் ஆபத்து. அந்த முடிவை உங்கள் டாக்டர் எடுப்பார். உங்களுக்கு ஏற்கெனவே தழும்பு இருப்பதால், 32 வார வாக்கில், அதாவது செப்டம்பர் 10-ஐ ஒட்டி, நச்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று ஒரு ஸ்கேனில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

"ஏழாம் மாசத்துல பிறந்தா பிழைக்கும், எட்டாம் மாசத்துல பிறந்தா தங்காது" என்ற பேச்சும் இதோடு சேர்ந்து வரும். இதை நம்பி, எட்டாம் மாதத்தில் வலி கண்ட பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத் தயங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சில் துளியும் உண்மையில்லை. குழந்தை எத்தனை வாரம் கூடுதலாக உள்ளே இருக்கிறதோ அத்தனை பலம். இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் எட்டாம் மாதம் ஆகஸ்ட் 29-இல் தொடங்கி செப்டம்பர் 29-இல் முடிகிறது. தொடக்கத்தில் 30 வாரம் 2 நாள், முடிவில் 34 வாரம் 5 நாள். 30 வாரத்தில் பிறக்கிற குழந்தைக்கும் 34 வாரக் குழந்தைக்கும் தேவைப்படும் வைத்தியமே வேறு. 34 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும் போல இருந்தால் நுரையீரல் பலப்பட ஸ்டீராய்டு ஊசி போடுவோம். "எட்டாம் மாசம்" என்று மட்டும் சொன்னால், போட வேண்டுமா வேண்டாமா என்று எதை வைத்து முடிவு செய்வது?

ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 11-இல் உங்கள் தேதிப்படி 19 வாரம், ஸ்கேனில் 18 வாரம் 4 நாள். பயப்பட எதுவும் இல்லை. அந்த வாரத்தில் தலையின் அகலம், தொடை எலும்பின் நீளம் இதையெல்லாம் அளந்து சராசரியோடு ஒப்பிட்டு இயந்திரம் ஒரு வயதைச் சொல்கிறது. எல்லாக் குழந்தையும் ஒரே உயரத்தில் வளர்வதில்லையே. ஒரு வாரம், பத்து நாள் வரை வித்தியாசம் வருவது சகஜம். கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேனில் மூன்று வாரம்கூட மாறும். அதனால் நவம்பர் 8 என்று ஒரு ரிப்போர்ட்டிலும் வேறொரு தேதி இன்னொன்றிலும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தேதியை மாற்றிக்கொண்டே போகக் கூடாது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன்தான் நம்பகமானது, உங்களுக்கு அதில் ஒரு நாள்தான் வித்தியாசம். நவம்பர் 5 அப்படியே நிற்கட்டும்.

படிக்கிற மற்ற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. மாதக் கணக்கு தொடக்கத்திலேயே காலை வாருகிற இடங்கள் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்குக் கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் முடியட்டும், பிறகு வெளியில் சொல்லலாம் என்று காத்திருந்தால் 12 வாரம் தாண்டிவிடும். 'அஞ்சாம் மாச ஸ்கேன்' 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்க வேண்டியது. ஐந்து மாதம் முடித்துப் போனால் 21 வாரமும் கடந்திருக்கும். பிள்ளையிடம் பெரிய குறை ஏதும் தெரிந்து அடுத்து என்ன என்று யோசிக்கும்போது, கருக்கலைப்புச் சட்டம் பார்ப்பதும் 20 வாரம், 24 வாரம் என்ற வாரக் கணக்கைத்தான். அந்த இடத்தில் ஒரு வாரம் போவது சின்ன விஷயமில்லை.

தங்கைக்கு இன்னொரு எச்சரிக்கை. தீபாவளி அக்டோபர் 20. அன்றைக்கு உங்களுக்கு 37 வாரம் 5 நாள். மாமியார் கணக்கில் அப்போது எட்டாம் மாதம்தான் ஓடும். பலகாரம் சுடுகிற நேரத்தில் இடுப்பு வலித்தால் "இன்னும் நாள் இருக்கு, சூட்டு வலி" என்று கஷாயம் வைத்துக் கொடுத்து உட்கார்ந்துவிடக் கூடாது. முதல் குழந்தை ஆபரேஷன் என்பதால் கருப்பையில் தழும்பு இருக்கிறது. வலி எடுத்து நேரம் போனால் அந்த இடம் விட்டுப்போகும் அபாயம் உண்டு. அது தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் விஷயம். விட்டு விட்டு வலி, நீர் உடைதல், ரத்தம் படுதல், பிள்ளையின் அசைவு குறைதல், இதில் எது வந்தாலும், எந்த வாரமாக இருந்தாலும், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஐப்பசி மழையும் வாடைக்காற்றும் தொடங்குகிற நேரம் அது. மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். அக்டோபர் 15-இல் 37 வாரம் முடிகிறது. அதற்குள் பையைக் கட்டி, அட்டையையும் எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிடுங்கள். கணவர் தொழிலுக்குப் போயிருக்கும் நாளில் யார் கூட வருவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

நல்ல நாள் பார்ப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பிள்ளை நல்ல நேரத்தில் பிறக்க வேண்டும் என்று நினைப்பது பாசம்தான். நாத்தனாரை மறுபடி ஒரு முறை ஜோசியரிடம் போகச் சொல்லுங்கள். மாதமும் வேண்டாம், வாரமும் வேண்டாம், அக்டோபர் 29 முதல் நவம்பர் 4 வரை என்று தேதியை மட்டும் எழுதிக் கொடுங்கள். அதற்குள் இரண்டு, மூன்று நாளாகக் குறித்து வாங்கி உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். தியேட்டர் நாள், மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர் எல்லாம் பார்த்து அவர் ஒன்றைச் சொல்வார். அதற்கு முன்பே வலி வந்துவிட்டால் அந்த நேரம்தான் நேரம், ஜாதகத்துக்காக ஒரு மணி நேரம்கூடத் தள்ளச் சொல்லாதீர்கள்.

விடுப்புக் கணக்கு. 26 வாரம் என்பது 182 நாள், ஆறு மாதம். 26-ஐ நாலால் வகுத்து ஆறரை மாதம் என்று நினைத்துப் பயணம் எதையும் திட்டமிட்டுவிடாதீர்கள். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பலன்கள் சட்டத்தை 2017-இல் திருத்தி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆக்கினார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமாக இருக்க வேண்டும், பிரசவத் தேதிக்கு முந்தைய ஒரு வருடத்தில் நீங்கள் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். இதில் எட்டு வாரத்துக்கு மேல் பிரசவத்துக்கு முன்னால் எடுக்க முடியாது. உங்கள் தேதிக்கு எட்டு வாரம் முன்பு என்பது செப்டம்பர் 10. அன்றே தொடங்கினால் 2026 மார்ச் 10-உடன் விடுப்பு முடியும். உடம்பு ஒத்துழைத்தால் அக்டோபர் நடுப்பகுதி வரை வேலைக்குப் போய்விட்டு, மிச்ச வாரங்களைப் பிள்ளையோடு இருக்க வைத்துக்கொள்வது எனக்கு நல்லதாகப் படுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் இல்லை என்று கம்பெனியில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன ஒரு வழக்கில், இந்தச் சட்டத்தில் வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள் என்று 1977-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விண்ணப்பத்தில் 'ஏழு மாதக் கர்ப்பம்' என்று எழுத வேண்டாம். எதிர்பார்க்கும் பிரசவத் தேதி 05.11.2025, விடுப்பு தொடங்கும் தேதி, முடியும் தேதி, மொத்தம் 182 நாள் என்று எழுதி, உங்கள் டாக்டரின் சான்றிதழை இணைத்து, நகல் ஒன்றில் அலுவலகத்தின் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.